திரும்பி வரும் ரயிலை முதலில் பாருங்கள்

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, வயது 61. கணவருக்கு 67, முழங்கால் தேய்மானம். சமதளத்தில் நன்றாக நடப்பார், படி என்றால் திணறுவார். மகளும் மருமகனும் ஜெர்மனியில் மியூனிக் நகரில் வேலை பார்க்கிறார்கள், நான்கு வயதில் ஒரு பேத்தி. ஆகஸ்ட் 20 வாக்கில் கிளம்பி மூன்று வாரம் மகள் வீட்டில் தங்குவதாகத் திட்டம். விமான டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை.

தினமும் காலையில் ரயிலேறி ஓர் ஊரைப் பார்த்துவிட்டு ராத்திரி மகள் வீட்டுக்கே வந்து படுத்துக்கொள்ளலாம் என்பது கணவரின் யோசனை. அவர் போட்ட பட்டியலில் சால்ஸ்பர்க், இன்ஸ்புரூக், நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டை, வியன்னா, பிராக், சூரிச், வெனிஸ் என ஏழு இடங்கள். எல்லாமே ஒரு நாள் பயணம். இதற்காக இருவருக்கும், ஐரோப்பாவில் பல நாட்டு ரயில்களுக்கும் சேர்த்து விற்கும் யூரெயில் பாஸ் வாங்கிவிடலாமா என்று கேட்கிறார். ஒருமுறை மட்டும் நுழையும் விசாதான் கிடைக்கும் என்கிறார்களே, ஆஸ்திரியா போனால் திரும்ப ஜெர்மனிக்குள் விடுவார்களா? ஜெர்மன் ரயில்கள் நொடி பிசகாமல் ஓடும் என்று மாப்பிள்ளை சொல்கிறார், அதை நம்பி மொழி தெரியாத நாங்கள் இருவரும் வார நாட்களில் தனியாகப் போய்வரலாமா? சாப்பாட்டுக்கு என்ன செய்வது? கடைசியாக ஒரு வரி: "மகளைத் தொந்தரவு செய்கிறோமோ என்று எனக்கு உறுத்துகிறது. அவரோ, இன்னொரு முறை போகப்போகிறோமா என்கிறார்."

அம்மா, வணக்கம். பிள்ளைகளைப் பார்க்க ஐரோப்பா போகும் பெற்றோருக்குப் பயணத் திட்டம் போட்டுக் கொடுப்பது என் தொழில். உங்கள் கணவரின் பட்டியலைப் போல ஒன்றைக் கொண்டுவராதவர்கள் குறைவு. ஒரே வீட்டை மையமாக வைத்துக்கொள்ளும் யோசனை மிகவும் சரி. தினமும் பெட்டி கட்ட வேண்டாம், ஓட்டல் செலவு இல்லை, மாத்திரை டப்பா ஒரே இடத்தில் இருக்கும், முடியாத நாளில் பேத்தியோடு வீட்டிலேயே இருந்துவிடலாம். சிக்கல் அந்த ஏழு ஊர்களில்தான்.

ஏழில் மூன்றுதான் ஒரு நாளுக்கானவை

வரைபடத்தில் எல்லாம் பக்கத்தில் தெரியும். ரயில் நேரத்தைப் பாருங்கள். மியூனிக்கிலிருந்து வியன்னாவுக்கு நேரடி ரயிலில் சுமார் 4 மணி நேரம். சூரிச்சுக்கு மூன்றரைக்கு மேல். பிராகுக்கு ஐந்தரை முதல் ஆறு. வெனிஸுக்கு ஆல்ப்ஸ் மலையில் பிரென்னர் கணவாயைத் தாண்டி ஆறரை, ஏழு மணி நேரம் ஆகும். வெனிஸ் போய் அதே நாளில் திரும்புவது என்றால் ரயிலில்தான் குடியிருக்க வேண்டும். சால்ஸ்பர்க் வேக ரயிலில் ஒன்றரை மணி, சாதாரண ரயிலில் இரண்டு மணிக்குச் சற்றுக் குறைவு. இன்ஸ்புரூக் ஒன்றே முக்கால். நொய்ஷ்வான்ஸ்டைனுக்கு இறங்க வேண்டிய ஃபுஸ்ஸன் இரண்டு மணி. இந்த மூன்றும் தேறும்.

எல்லோரும் போகும் ரயிலைப் பார்த்துத்தான் நாளைத் திட்டமிடுகிறார்கள். நான் திரும்பும் ரயிலிலிருந்து ஆரம்பிப்பேன். மாலை எத்தனை மணிக்குக் கிளம்பினால் வீட்டில் இரவு மாத்திரை போட முடியும்? அந்த ரயிலைத் தவறவிட்டால் அதற்குப் பிறகு இன்னும் இரண்டு ரயிலாவது இருக்கிறதா? இருந்தால்தான் அந்த ஊர் பட்டியலில் இருக்கலாம். பெர்க்டெஸ்காடன் பக்கம் கோனிக்ஸே என்ற அழகான ஏரி இருக்கிறது. 1909-லிருந்து மின்சாரப் படகுதான் ஓடுகிறது, நடுவில் படகை நிறுத்தி ஊதுகொம்பு வாசித்து மலையின் எதிரொலியைக் கேட்க வைப்பார்கள். ஆனால் ஏரிக்கு நடுவழியில் உள்ள பர்த்தலோமே தேவாலயத்துக்குச் சாலையே கிடையாது. அங்கிருந்து திரும்பக் கடைசிப் படகு, படகிலிருந்து பஸ், பஸ்ஸிலிருந்து ரயில், ரயிலிலிருந்து இன்னொரு ரயில். ஒரு கண்ணி அறுந்தால் எல்லாம் போச்சு. மகளும் மாப்பிள்ளையும் கூட வரும் சனிக்கிழமைக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் இருவர் மட்டும் போக வேண்டாம்.

வியன்னா பார்த்தே ஆக வேண்டும் என்றால் ஒரே ஒரு முறை இரண்டு இரவு அங்கே தங்கிவிட்டு வாருங்கள். "இன்னொரு முறை போகப்போகிறோமா" என்று ஐயா கேட்பது நியாயம்தான். அதனால்தான் சொல்கிறேன், அந்த ஒரு முறையை ரயில் ஜன்னலில் கழிக்க வேண்டாம். பிராக், வெனிஸ், சூரிச் மூன்றையும் இந்தப் பயணத்தில் விட்டுவிடுங்கள்.

யூரெயில் பாஸ் வேண்டாம்

பல நாடுகளில் நீண்ட தூரம் போகிறவர்களுக்கு யூரெயில் நல்லது. ஒரே ஊரிலிருந்து சுற்றி இருக்கும் ஊர்களுக்குப் போய்வருகிறவர்களுக்கு அது வீண் செலவு. உங்களுக்குப் பொருத்தமானது டாய்ச்லாந்து டிக்கெட். 2026 ஜனவரியிலிருந்து ஒருவருக்கு மாதம் 63 யூரோ. ஜெர்மனி முழுக்க எல்லா வட்டார ரயில்களிலும், மியூனிக் நகர பஸ், டிராம், மெட்ரோவிலும் மாதம் பூராவும் ஏறி இறங்கலாம். மகள் வீட்டிலிருந்து கடைத்தெருவுக்குப் போகும் பஸ்ஸும் இதில் சேர்த்தி. ஆஸ்திரியாவில் இருந்தாலும் சால்ஸ்பர்க் ரயில் நிலையம் வரை செல்லும். நிலையத்துக்கு வெளியே ஓடும் டவுன் பஸ்ஸுக்குத் தனியாக டிக்கெட் எடுக்க வேண்டும்.

இதில் மூன்று விஷயம் கவனிக்க வேண்டும். முதலாவது, இது காலண்டர் மாதத்துக்கான டிக்கெட். ஆகஸ்ட் 20-இல் போனால் ஆகஸ்டுக்கு ஒன்று, செப்டம்பருக்கு ஒன்று என்று இருவருக்கும் இரட்டைச் செலவு. விமான டிக்கெட் எடுக்காதது நல்லதாய்ப் போயிற்று. செப்டம்பர் 1-இல் போய்ச் சேர்கிற மாதிரி தள்ளிவைத்தால் ஒரே மாதத்தில் முடியும். மாதத்தின் நடுவில், மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்தின் கோடை விடுமுறை முடிந்து பள்ளிகள் திறந்துவிடும், சுற்றுலாத் தலங்களில் கூட்டம் கொஞ்சம் குறையும். ஆனால் செப்டம்பர் மூன்றாம் வாரத்தில் மியூனிக்கின் பீர் திருவிழாவான அக்டோபர்ஃபெஸ்ட் ஆரம்பித்துவிடும். அதற்குப் பிறகு வரும் சனி, ஞாயிறுகளில் மியூனிக் வரும் ரயில்களில் பீர் குடித்துவிட்டு ஆடிப்பாடும் கூட்டத்தோடுதான் பயணம். தூரப் பயணங்களை முதல் இரண்டு வாரத்தில் முடித்துவிடுங்கள்.

இரண்டாவது, இது சந்தா. நிறுத்தச் சொல்லாவிட்டால் அடுத்த மாதப் பணத்தையும் எடுத்துக்கொள்வார்கள். செப்டம்பரோடு முடிய வேண்டுமானால் செப்டம்பர் 10-க்குள் ரத்து செய்ய வேண்டும். மகளின் வங்கிக் கணக்கிலிருந்து வாங்கினாலும் டிக்கெட் உங்கள் பெயரில் இருக்க வேண்டும், ஒருவர் டிக்கெட்டில் இன்னொருவர் போக முடியாது. மூன்றாவது, ஐ.சி.இ., இ.சி., ஐ.சி. போன்ற வேக ரயில்களில் இது செல்லாது. ஆர்.இ., ஆர்.பி., எஸ் என்ற எழுத்தோடு வரும் ரயில்கள்தான் உங்களுடையவை. ஜெர்மன் நிலையங்களில் டிக்கெட் காட்டி நுழையும் கதவு எதுவும் இல்லை. அதனால் தவறான ரயிலில் ஏறுவதும் சுலபம். ரயிலுக்குள் பரிசோதகர் வந்து செல்லாத டிக்கெட் என்றால் வழக்கமான அபராதம் 60 யூரோ. தெரியாமல் ஏறிவிட்டேன் என்றால் சிரிப்பாரே தவிர விடமாட்டார்.

மகளும் மாப்பிள்ளையும் சேர்ந்து ஐவராகப் போகும் நாளில், அவர்களிடம் மாத டிக்கெட் இல்லை என்றால், பேயர்ன் டிக்கெட் இருக்கிறது. பவேரியா மாநிலம் முழுதும் ஒரு நாளைக்கு, ஐந்து பேர் வரை ஒரே டிக்கெட். வார நாளில் காலை 9 மணிக்கு முன் செல்லாது, சனி ஞாயிறில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. பயணம் செய்கிறவர்களின் பெயரை அதில் எழுத வேண்டும். பேத்திக்கு ஆறு வயது ஆகாததால் எங்குமே டிக்கெட் வேண்டாம்.

இன்ஸ்புரூக்குக்கு மட்டும் வேக ரயிலில் சலுகை டிக்கெட் தனியாக எடுங்கள். சில வாரங்கள் முன்பே எடுத்தால் மலிவு. நம் ஊர் வழக்கத்தில் டிக்கெட் என்றால் பெட்டியும் இருக்கை எண்ணும் வரும் என்று நினைப்போம். அங்கே டிக்கெட் வேறு, இருக்கை முன்பதிவு வேறு. முழங்காலை உத்தேசித்து முன்பதிவுக்கான சில யூரோக்களைக் கணக்குப் பார்க்காமல் கொடுத்துவிடுங்கள்.

விசாவும் பாஸ்போர்ட்டும்

இதில் உங்களுக்கு வந்த தகவல் தவறு. ஷெங்கன் என்பது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு. அந்த விசாவில் "ஒரு நுழைவு" என்பது ஜெர்மனிக்குள் ஒரு தடவை என்ற கணக்கு அல்ல, ஷெங்கன் பகுதி முழுவதற்குள்ளும் ஒரு தடவை. ஆஸ்திரியாவும் ஷெங்கன் பகுதிதான். சால்ஸ்பர்க் போய்த் திரும்பினால் நீங்கள் வெளியேறியதாகவே ஆகாது. லண்டனுக்கு ஒரு நாள் போய் வந்தால்தான் வம்பு, திரும்ப உள்ளே வர விசா இருக்காது. பயண மருத்துவக் காப்பீடும் ஷெங்கன் பகுதி முழுவதற்கும் செல்லுபடியாக வேண்டும், குறைந்தது 30,000 யூரோவுக்கு. விசாவுக்கே அதைக் கேட்பார்கள்.

ஆனால் "உள்நாட்டுப் பயணம் மாதிரிதானே" என்று பாஸ்போர்ட்டை வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்பாதீர்கள். ஆஸ்திரியாவிலிருந்து வரும் ரயில்களில் ஜெர்மன் போலீஸார் 2015-லிருந்து சோதனை செய்கிறார்கள். சால்ஸ்பர்க்கிலிருந்து திரும்பும்போது எல்லையில் ரயிலை நிறுத்தி, பெட்டி பெட்டியாக வருவார்கள். அசல் பாஸ்போர்ட்டைக் காட்டினால் அரை நிமிடம். செல்போனில் படம் எடுத்து வைத்திருக்கிறேன் என்றால் இறக்கிவிட்டு விசாரிப்பார்கள். இந்தச் சோதனையால் ரயில் தாமதமாவதும் உண்டு, மாலைக் கணக்கில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாப்பிள்ளை சொன்னதைப் பற்றி

ஜெர்மன் ரயில் நொடி பிசகாது என்பது பழைய கதை. 2024-இல் டாய்ச்ச பான் நிறுவனத்தின் நெடுந்தூர ரயில்களில் நேரத்துக்கு வந்தவை 62.5 சதவீதம்தான். ஆறு நிமிடத்துக்கு உட்பட்ட தாமதத்தை அவர்கள் தாமதமாகவே எண்ணுவதில்லை, அப்படியும் இந்த லட்சணம். தண்டவாளங்கள் பழையன, ரயில்கள் அதிகம், எங்கு பார்த்தாலும் பராமரிப்பு வேலை. வட்டார ரயில்கள் இதைவிட எவ்வளவோ தேவலை. நீங்கள் பெரும்பாலும் போகப்போவது அவற்றில்தான்.

ரயில் தாமதமானால் உங்களுக்கு என்ன உரிமை என்பது டிக்கெட்டைப் பொறுத்தது. சாதாரண டிக்கெட்டில் 60 நிமிடத்துக்கு மேல் தாமதமாய்ப் போய்ச் சேர்ந்தால் கட்டணத்தில் 25 சதவீதம், 120 நிமிடத்துக்கு மேல் என்றால் 50 சதவீதம் திரும்பக் கேட்கலாம். மூன்று மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். டாய்ச்லாந்து டிக்கெட்டிலும் பேயர்ன் டிக்கெட்டிலும் இழப்பீடு மிகச் சொற்பம். தவிர, ரயில் வரவில்லை என்று அடுத்து வரும் வேக ரயிலில் ஏறிக்கொள்ளும் சலுகையும் இவற்றுக்குக் கிடையாது. மலிவு டிக்கெட்டின் விலை அதுதான். கடைசி ரயிலை நம்பாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

தனியாகப் போக முடியுமா

தாராளமாக முடியும். அறிவிப்பு புரியாவிட்டாலும் டாய்ச்ச பான் செயலியை ஆங்கிலத்தில் வைத்துக்கொள்ளலாம். பலகையில் நான்கு சொற்கள் தெரிந்தால் போதும். கிளைஸ் என்றால் நடைமேடை. ஃபெர்ஷ்பேட்டுங் என்றால் தாமதம். ஃபெல்ட் அவுஸ் என்றால் ரயில் ரத்து. எர்ஸாட்ஸ்ஃபெர்கேர் என்றால் ரயிலுக்குப் பதில் பஸ் விடுகிறார்கள் என்று பொருள். இந்தக் கடைசிச் சொல் கண்ணில் பட்டால் அன்றைய பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். பஸ் எங்கே நிற்கிறது என்று தேடுவதற்கே முழங்கால் போய்விடும்.

மியூனிக் பெரிய நிலையம் முட்டுச்சந்து மாதிரி, ரயில்கள் வந்து அங்கேயே முடியும். அதனால் தெருவிலிருந்து நடைமேடைக்குப் படியே இல்லாமல் போகலாம், ஐயாவுக்கு வசதி. ஆனால் 5 முதல் 10 வரையும், 27 முதல் 36 வரையும் உள்ள நடைமேடைகள் இரு பக்கமும் ஒதுங்கி இருக்கின்றன. உங்கள் வட்டார ரயில்கள் பல அங்கிருந்துதான் கிளம்பும். அவர் நடைக்குப் பத்து நிமிடம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, அங்கே சில ரயில்கள் வழியில் பிரியும். தேகர்ன்ஸே ஏரிக்குப் போகும் ரயில் மூன்று துண்டுகளாகச் சேர்ந்து கிளம்பி, வழியில் ஒவ்வொன்றாகக் கழன்று மூன்று ஊர்களுக்குப் போகும். முதல் தடவை நான் காலியாக இருந்த பெட்டியைப் பார்த்துச் சந்தோஷமாக உட்கார்ந்து, ஏரியை எதிர்பார்த்துக்கொண்டே பேயரிஷ்ஸெல் என்ற மலையடிவார ஊரில் போய் இறங்கினேன். அதுவும் அழகான ஊர்தான், ஆனால் ஏரி இல்லை. ஏறும்முன் பெட்டியின் பக்கவாட்டுப் பலகையில் ஊர்ப்பெயரைப் படித்துவிட்டு ஏறுங்கள்.

முழங்காலுக்கு ஏற்ற ஊர்கள்

நொய்ஷ்வான்ஸ்டைன் பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் லுட்விக் மன்னர் 1869-இல் கட்டத் தொடங்கி, முடிக்காமலேயே 1886-இல் ஏரியில் இறந்துபோனார். இறந்து சில வாரத்தில் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். 2025-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தது. எல்லாம் சரி. ஆனால் ஃபுஸ்ஸனில் இறங்கி, பஸ் பிடித்து, அங்கிருந்து முக்கால் மணி நேரம் மேடு ஏற வேண்டும். குதிரை வண்டியில் போனாலும் கடைசிப் பகுதி நடைதான். உள்ளே சுற்றிக்காட்டுவது அரை மணி, அதில் நூற்றைம்பதுக்கும் மேல் படி. டிக்கெட்டில் நேரம் அச்சிட்டிருப்பார்கள், ரயில் தாமதமாகி அந்த நேரம் தவறினால் போனது போனதுதான்.

அதற்குப் பதிலாக அதே மன்னர் கட்டிய ஹெரன்கீம்ஸே அரண்மனையைச் சொல்வேன். பிரான்ஸின் வெர்சாய் அரண்மனை மேல் அவருக்கிருந்த மோகத்தில் 1878-இல் தொடங்கியது. மியூனிக்கிலிருந்து ப்ரீன் ஊருக்கு ஒரு மணி நேர ரயில், துறையிலிருந்து கால் மணி நேரக் கப்பல், தீவில் இறங்கினால் மரங்களுக்கு நடுவே சமதளப் பாதை, குதிரை வண்டியும் உண்டு. கப்பல் என்றால் பேத்தியும் வருவாள். கோட்டையைக் கீழிருந்தாவது பார்க்க வேண்டும் என்று ஐயா பிடிவாதம் பிடித்தால் ஃபுஸ்ஸனுக்கும் ஒரு நாள் கொடுங்கள், உள்ளே போகும் டிக்கெட் எடுக்காமல்.

ரேகன்ஸ்பர்க் ஒன்றரை மணி. டான்யூப் ஆற்றின் மேல் 12-ஆம் நூற்றாண்டுக் கல்பாலம், நடக்கச் சுகமான பழைய ஊர். நியூரம்பெர்க்குக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் ஒரு வட்டார ரயிலே இருக்கிறது, உங்கள் டிக்கெட் அதில் செல்லும், ஒன்றே முக்கால் மணி. ஆனால் எனக்குப் பிடித்தது ஆக்ஸ்பர்க், முக்கால் மணி நேரம்தான். அங்கே யாக்கோப் ஃபுக்கர் என்ற பெரும் பணக்கார வணிகர் 1521-இல் ஏழைகளுக்காகக் கட்டிய குடியிருப்பு இன்றும் இருக்கிறது, ஆட்களும் குடியிருக்கிறார்கள். வருஷ வாடகை ஒரு யூரோகூட இல்லை, 88 சென்ட். கூடவே கட்டியவரின் குடும்பத்துக்காக தினம் மூன்று வேளை பிரார்த்தனை செய்ய வேண்டும். உள்ளே ஒரு வீட்டை அந்தக் காலத்துச் சாமான்களோடு காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். தெருவெல்லாம் சமதளம். முதல் பயணமாக இதை வைத்துக்கொள்ளுங்கள். ஏதாவது பிசகினாலும் மதியச் சாப்பாட்டுக்கு வீடு வந்துவிடலாம்.

வாரத்துக்கு மூன்று பயணம், அதற்கு மேல் வேண்டாம். இரண்டு வார நாளில் நீங்கள் இருவரும், ஒன்று சனிக்கிழமை எல்லோரும். இடையில் ஒரு நாள் கட்டாயம் ஓய்வு. நீங்கள் தொந்தரவு என்று நினைப்பதை மகள் எப்படிப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரியாது, ஒரு தடவை நேரடியாகக் கேட்டுவிடுங்களேன். பல வீடுகளில் நான் பார்த்தது, பெற்றோர் தாங்களாகவே ரயிலேறிப் போய்வருகிறார்கள் என்றால் பிள்ளைகளுக்கு நிம்மதி. வாரத்தில் ஏழு நாளும் அலைந்துவிட்டுக் கால் வீங்கி வந்து உட்கார்ந்தால்தான் அவர்களுக்கு வேலை.

சாப்பாட்டுக்குக் கட்டுச்சோறுதான். ரயிலில் சாப்பிட யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். புளியோதரை பிரமாதம், கருவாட்டை மட்டும் தவிர்த்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை கடைகள் அனேகமாக மூடியிருக்கும், திங்கள்கிழமை பல அருங்காட்சியகங்களுக்கு விடுமுறை. நிலையத்தில் கழிப்பறைக்குக் காசு, ரயிலுக்குள் இலவசம், ஆகவே இறங்கும்முன் போய்விடுங்கள். தண்ணீர் பாட்டிலில் "ஷ்டில்" என்று போட்டிருந்தால் சாதாரணத் தண்ணீர், மற்றவை பெரும்பாலும் சோடா. காலி பிளாஸ்டிக் பாட்டிலைத் தூக்கி எறியாதீர்கள், சூப்பர் மார்க்கெட்டில் திருப்பிக் கொடுத்தால் 25 சென்ட் கிடைக்கும். எவ்வளவு சொல்லி அனுப்பினாலும் ஐயா முதல் நாள் வாங்கிவரும் பாட்டில் சோடாவாகத்தான் இருக்கும். திட்டாதீர்கள்.